கத்தினால்தான் பொங்கும்

காபி நன்றாக இருக்கிறது, ஆபீசர். வோஸ் காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று இத்தனை வருடமாகத் தெரியாமல் போயிற்று.

ஐவிண்ட் எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வீட்டில் காய்ச்சிய பியர் இல்லையென்றால் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவனுடைய ஈஸ்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. என்னிடம் கேட்டான். ஈஸ்ட் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது, காய்ந்த ஈஸ்ட் ஒரு பொட்டலம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அடுப்பில் பத்து நிமிடம் வாட்டினேன், அவ்வளவுதான்.

ஒரு நாளாகியும் அவனுடைய பார்லிச் சாறு நுரைக்கவில்லை. ஊரில் யாருக்குப் பியர் பொங்காமல் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். கைவிட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு சரியாக இருந்தது. கம்பளி சுற்றினேன், அடிவண்டலைக் கிளறிவிட்டேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே தித்திப்பு. எந்த வேலையிலும் நான் குறை வைக்கவில்லை.

"ஈஸ்ட் போடறப்ப ஒழுங்காக் கத்துனியாடா?" என்று கேட்டேன்.

தொட்டிக்கு மேல் குனிந்து அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் பியருக்கு வீரியம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"மெதுவாத்தான் கத்துனேன், அஸ்லாக். நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல."

எனக்குத் தெரியும். டாக்டரிடம் அவனை வண்டியில் கூட்டிப்போனதே நான்தான்.

"கல்யாணத்துக்கு டாக்டரா வந்து ஊத்தப்போறாரு?"

அவன் மனைவி கூன்வோர், "விடுங்க, கடையில வாங்கிக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்ததோடு சரி. ஐவிண்டின் முகம் சிவந்துவிட்டது.

நான் கொடுத்த பொட்டலத்தில் மிச்சமிருந்ததையும் போட்டுக் கத்தினான். "பூனை கத்துது" என்றேன். மறுபடி கத்தினான். "பரவால்ல, இன்னும் கொஞ்சம்" என்றேன். மூன்றாவது கத்தல் மலைவரை கேட்டிருக்கும். அப்படியே தொட்டியோரம் சாய்ந்தான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பியர் திறக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் வந்து ருசி பார்ப்பார்கள். பதினொரு வருடம் என் பியரைக் குடித்துவிட்டு ஐவிண்ட் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "குடிக்கலாம்." பதினொரு வருடம், ஆபீசர். எனக்கு வயிறு எரிந்தது.

பொட்டலத்தில் கருகல் வாசம் அடித்தது என்று கூன்வோர் உங்களிடம் சொன்னாளாம். நல்ல மூக்கு. ஈஸ்டைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஐவிண்டைக் கத்த வைத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொட்டியை வீணாக்க மனம் வரவில்லை. என் நல்ல ஈஸ்டைப் போட்டேன். சாவு வீடாயிற்றே, கத்தவில்லை. சாயங்காலத்துக்குள் நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. கத்துவதற்கும் பொங்குவதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு எப்போதுமே தெரியும்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் குடித்தார்கள். பிரமாதம் என்றார்கள். ஐவிண்ட் இருந்திருந்தால் அவனும் ஒப்புக்கொண்டிருப்பான்.