நல்லாருக்கு, நாளைக்கு ரெண்டு தடவை

அந்த வயலின் ஆசிரியர் வகுத்திருந்த முறை எளியது. நாளுக்கு நாற்பது நிமிடம். தடுமாறும் நான்கு வரிகளை மட்டும், மெதுவாக. பிழை வந்தால் நிறுத்திக் கையைத் தளரவிட்டு, மீண்டும். கடைசி ஐந்து நிமிடத்தைப் பதிவுசெய்து அவருக்கு அனுப்பிவிட வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு, முகச்சவரம் செய்தபடியே, எல்லாருக்கும் பதில் போட்டுவிடுவார். தையல்கடை நடத்தும் மாணவியிடமிருந்து மூன்று நாளாகப் பதிவு வரவில்லை. அவரே அழைத்தார்.

"ஹலோ... ஆமா ஆமா, வயலின் வாத்தியார்தான். என்னம்மா, கடையில ரொம்ப வேலையோ? மூணு நாளா சத்தமே இல்ல... இருங்க, நான் முடிச்சுடறேன். ஞாயித்துக்கிழமை ஒரேடியா நாலு மணி நேரம் இழுத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஒரு வாரத்துச் சாப்பாட்டை ஒரே நாள்ல திங்க முடியுமா? தினமும் கொஞ்சம், கவனமா...

என்னது? கட்டா? எந்தக் கை?... இடது மணிக்கட்டா... ம்... ம்... ஒரு மாசம் ஊசியே தொடக்கூடாதா! ஏம்மா, வலிச்சா உடனே நிறுத்தணும்னு முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அப்புறமும் ஏன்...

சொன்னீங்களா? எங்கிட்டயா? எப்போ?... போன செவ்வாயா... வாசிச்சு முடிச்சப்புறம், பதிவோட கடைசியிலயா... 'வலிக்குது, நிறுத்தட்டுமா'ன்னா... அதுக்கு நான் என்ன பதில் போட்டேன்?

...

'நல்லாருக்கு, நாளைக்கு ரெண்டு தடவை வாசிங்க.'

நான்தான் போட்டிருக்கேன்மா. காலையில ஏழு மணிக்கு.

அது வந்து... இந்த போன்ல சில சமயம் பாதியிலயே சத்தம் நின்னு... இல்ல. இல்லம்மா, பொய் சொல்ல வந்துட்டேன். போன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கேக்கல. முதல் அரை நிமிஷம் கேட்டுட்டு பதிலைத் தட்டிவிட்டேன்... ஆமா, தினமும். மூணு மாசமா... திட்டுங்க, நல்லாத் திட்டுங்க.

ஆட்டுப்பட்டியில ஒரு காவல் நாய்... இல்லம்மா, சமாளிக்கல, சின்னக் கதைதான். அது தூங்கிக்கிட்டே வாலை ஆட்டுமாம். வால் ஆடுதே, முழிச்சுத்தான் இருக்குன்னு ஆடுங்க நிம்மதியா மேஞ்சுதாம்... ஆமா. அந்த நாய் நான்தான்... சரி சரி, கதை போதும்.

கடை என்னாச்சு?... நாப்பது சட்டையா? பள்ளிக்கூடத்துக்கா... திங்கக்கிழமைக்குள்ளயா! குடுக்கலன்னா அடுத்த வருஷம் ஆர்டர் வேற கடைக்குப் போயிடுமா... ம்... தையல் முடிஞ்சுதா? பொத்தான் மாட்டற காஜா எடுத்தாச்சா?... அப்ப பொத்தான்தான் பாக்கி.

வேண்டாம்! ஐயோ, வேண்டாம்மா, அந்தக் கட்டை அவுக்காதீங்க. நான் வரேன்... நிஜமாத்தான். என் சட்டைக்கெல்லாம் பொத்தான் நான்தானே தைக்கறேன்... கோணலா இருக்கா?... ஓ, கவனிச்சிருக்கீங்களா.

அப்ப எதிர்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்குங்க. முதல்ல நாலே நாலு பொத்தான், மெதுவா தைக்கறேன். தப்பா இருந்தா பிரிச்சுட்டு மறுபடியும். ஒண்ணே ஒண்ணும்மா... ஒவ்வொண்ணையும் கடைசி முடிச்சு வரைக்கும் பாத்துட்டு, அப்புறமா 'நல்லாருக்கு'ன்னு சொல்லுங்க.

...சரி. செருப்பு மாட்டிட்டேன். வச்சுடறேன்."