கட்டிலோரக் கம்பளம்

நல்ல கம்பளம் வாங்குவது லேசான காரியமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கடையில் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்; வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தால் மறுநாளே நூல் பிரிந்து பல்லிளிக்கும். கடை கடையாக ஏறி இறங்கி, கால் புதைகிற மாதிரி ஒன்றை எடுத்தேன். தரை சில்லென்று இருக்கிறதே, அவளுக்கு ஆகாதே என்றுதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், என் மனைவியின் உள்ளங்கால்களில் பிரம்பால் அடிக்கிற பழக்கம் எங்களுக்குள் உண்டு. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆசையை முதலில் வாய்விட்டுச் சொன்னது அவள்தான். கல்யாணமான புதிதில், காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அப்புறம் எனக்கும் பிடித்துப்போயிற்று. அவள் நர்ஸ். நாளெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்தால், சுரீரென்ற அந்த வலிதான் தலைப்பாரத்தை இறக்கிவைக்கிறது என்பாள். நான் செருப்புக் கடையில் விற்பனையாளன். ஊரார் கால்களோடே காலம் தள்ளுகிறவன். பொருத்தம் என்றால் இப்படி அமைய வேண்டும்.

விதிகள் எல்லாம் அவள் போட்டவை. உள்ளங்காலின் நடுப்பள்ளத்தில்தான் அடிக்க வேண்டும். குதிகாலும் விரல் பக்கமும் கூடாது. அங்கே எலும்பு மேலாக இருக்கும். கணுக்கால்களைக் கட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது என்பதால் வாயில் துண்டைக் கடித்துக்கொள்வாள். அப்புறம் 'போதும்' என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ஒரு எவர்சில்வர் கரண்டி. கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி அதைப் பிடித்திருப்பாள். வேண்டாம் என்று தோன்றினால் கீழே விட்டுவிடுவாள்.

"சத்தம் கேட்டதும் கை அப்படியே நிக்கணும். ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்," என்பாள்.

நின்றிருக்கிறேன். ஓங்கிய பிரம்பு அந்தரத்தில் நின்றுவிடும். கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, கால் பிடித்துவிடுவேன். "உன்னை நம்பிக் கண்ணை மூடிக்கலாம்பா," என்று ஒருமுறை சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "நீயும் வா. செருப்புக் கடை எங்கதான் இல்ல?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ வரலன்னாலும் நான் போறேன்," என்றாள். நான் குறுக்கே நிற்கவில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். புது வேலைக்கென்று வெள்ளை ஷூ ஒன்றுகூடப் பார்த்துப் பார்த்து எடுத்துவந்தேன். அது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

கம்பளம் வாங்கியது சனிக்கிழமை. கட்டிலோரமாக விரித்தேன். "ஊருக்குக் கிளம்புற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தாள். ஞாயிறு மதியம், போவதற்கு முன் ஒருமுறை என்று அவளே பிரம்பை எடுத்து என் கையில் தந்தாள்.

இரண்டு பாதங்களிலும் விரல்களுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. டாக்டர் எழுதித் தந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். நெடுநேரம் நிற்கிற வேலை இனி கஷ்டம்தான் என்கிறார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். அந்தக் கவலை அவளுக்கு வேண்டாம்.

கரண்டி விழவில்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? விழுந்தது. பார்த்தேன். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, கம்பளத்தின் மேல் பூ மாதிரி விழுந்தது. சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. சத்தம் வரவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறியதே இல்லை.

"அவங்க கால் ரெண்டும் கட்டில் மேல கட்டியிருந்துச்சு. தரை யாருக்குச் சில்லுன்னு இருந்துச்சு?" என்று கேட்கிறீர்கள். அதற்கு யோசித்துப் பதில் சொல்கிறேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூப் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, விட்டாள். அங்கே வெறும் தரை. ணங்கென்ற சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கும் நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவள் கட்டிலைப் பார்த்து நடந்துகொண்டேதான் இருந்தேன். கை நிறையப் பழம் வைத்திருந்தேன், மேடம். பாதி வழியில் எப்படி நிற்பது?