கள்ளிவலசைக் கட்டுக்கல்லு

பஸ்ஸு எட்டிப் பாக்காத காலத்துல, கள்ளிவலசைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு ஒத்த ஊரணி. குடிக்கவும் அதான், குளிக்கவும் அதான். அந்த ஊருக்கு, நரம்புச் சிலந்தின்னு கால்ல புழு கெளம்புற நோயத் தடுக்க ஒரு பொம்பள டாக்டரு வந்தாகளாம். பேரு தெபோராள்.

வந்து எறங்குனது உச்சி வெயிலு. தெருவுல ஈ காக்கா இல்ல. ஊரணிக்குப் போனா, முழங்கால் தண்ணியில அம்பது பேரு நிக்கிறாக. பேச்சில்ல. கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாக. எல்லாரு கால்லயும் புண்ணு, புண்ணுல வெள்ள நூலாட்டம் புழு தொங்குது.

கரையில செகப்பின்னு ஒருத்தி, மூணு புள்ளைக்காரி. வந்தவுகளுக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து நீட்டுனாளாம். வந்த அன்னிக்கே அத வேணாம்னா ஊரு மொகங்குடுக்குமா? நோயி தண்ணியிலதான் இருக்குன்னு தெரிஞ்சேதான் டாக்டரம்மா குடிச்சாக. குடிச்சிட்டுக் கேட்டாக:

"ஏன் இப்பிடி நிக்கிறாக?"

"தண்ணியில வச்சாத்தேன் எரிச்சல் அடங்குதும்மா. காலு தானா இங்க இழுத்துட்டு வந்துருது."

"காலு இழுக்கல செகப்பி. உள்ள இருக்குறது இழுக்குது. அதுக்குத் தண்ணியில குஞ்சு விடணும். அந்தத் தண்ணியக் குடிச்சா அடுத்த வருசம் ஒம் புள்ளைக கால்ல வரும்."

செகப்பி செம்புல மிச்சமிருந்த தண்ணியத் தரையில கொட்டுனாளாம்.

"ஒரே ஒரு வருசம்"னாகளாம் டாக்டரம்மா. "ஒரு காலும் தண்ணியில படக்கூடாது. துணியில வடிகட்டித்தான் குடிக்கணும்." அங்கயே குடியிருந்தாக. வெளிய வந்த புழுவ வேப்பங்குச்சியில சுத்தி சுத்தி, ஒரு நாளைக்கு ஒரு சுத்தா எடுத்தாக. ஊரு மொணமொணத்துச்சு, ஆனா கேட்டுச்சு. பதினோரு மாசம் ஓடிப்போச்சு. செகப்பி புள்ளைக ஓடி வெளையாடுதுக.

அப்பத்தேன் டாக்டரம்மா கால்ல கொப்பளம் கெளம்புச்சாம். அந்த மொத நாள் தண்ணி.

"டவுனுக்குப் போயிருங்கம்மா"ன்னா செகப்பி.

"வண்டி குலுங்குனா புழு அறுந்துரும், காலே போயிரும். இங்க இருந்தா அது என்னையத் தண்ணிக்கு இழுக்கும். கரையில மாடு ஒரசுற கல்லு இருக்குல்ல, அதுல என்னையக் கட்டு. ஊரு பாக்கட்டும். நான் என்ன சொன்னாலும் அவுக்காத."

கட்டுனா. மொத நாள் டாக்டரம்மா அழுதாக. மூணாம் நாள் கெஞ்சுனாக. அஞ்சாம் நாள் உச்சி வேளையில அழுகையும் இல்ல, கெஞ்சலும் இல்ல. ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி நெதானமாச் சொன்னாகளாம்:

"செகப்பி, புழு செத்துருச்சு. டாக்டர் சொல்றேன், அவுத்து விடு."

செகப்பி முடிச்சுல கை வச்சுட்டா. வச்சவ கீழ பாத்தா. டாக்டரம்மா மொகம் இவளப் பாக்குது. காலு மட்டும் தண்ணியப் பாத்து நீண்டு கெடக்குதாம்.

கைய எடுத்துட்டுக் கேட்டா: "கேக்குறது யாரு? நீங்களா, அதா?"

டாக்டரம்மா குனிஞ்சு தன் காலப் பாத்தாக. பெறகு கண்ணுல தண்ணி வழிய, "அதுதான் செகப்பி. இன்னொரு சுத்து இறுக்கிக் கட்டு"ன்னாகளாம்.

பதினெட்டு நாள் ஆச்சு. செகப்பி தெனம் ஒரு சுத்தாச் சுத்த, புழு முழுசும் குச்சிக்கு வந்துருச்சு. அடுப்புல போட்டாக. அதுதேன் அந்த ஊருல கடைசிச் சிலந்தி. டாக்டரம்மா நொண்டிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போயிட்டாக.

அந்தக் கல்லு இன்னும் நிக்கிது. கட்டுக்கல்லுன்னு பேரு. ஊரணியில இன்னைக்கும் ஒருத்தரு கால் வைக்க மாட்டாக, கயிறு விட்டுத்தேன் எறைப்பாக. உச்சி வேளையில கல்லுப் பக்கம், "அவுத்து விடு"ன்னு நெதானமா ஒரு கொரல் வருமாம். தண்ணிக்குப் போன பொம்பளைக ஓட மாட்டாக. கயித்தக் கையில புடிச்சபடியே, "கேக்குறது யாரு?"ன்னு கேப்பாக.

இதுநாள் வரைக்கும் அதுக்குப் பதில் வந்ததில்லயாம்.