நமுத்த அப்பம்

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவனுக்கு ஒரே வேலைதான், ஃபாதர். காலை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். அதனால் நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், நீங்கள் நிதானமாக உட்காருங்கள்.

ஞாயிறுதோறும் ஏகாம்பரம் கொண்டுவரும் நற்கருணை அப்பத்தை நான் ஏன் வாங்குவதில்லை என்று கேட்கத்தானே வந்தீர்கள்? 'உபதேசியாருக்குப் பழைய பூசைப் பைத்தியம், சாமியார் அல்லாதவர் கையால் வாங்கமாட்டார்' என்று ஊரில் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

பைத்தியம் உண்மைதான். சிறுவயதில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவன் நான். இன்றும் லத்தீனில் பதில் சொல்லுவேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. பாப்பரசர் விமானத்தில் ஏதாவது பேசினால் என் போனில் வீடியோ போடும் ஒரு சென்னைக்காரர் திட்டுவார், நானும் கூடவே திட்டுவேன். கணவனைப் பிரிந்து மறுமணம் செய்தவர்களை விலக்கி வைக்காதீர்கள், அவரவர் நிலையைப் பார்த்து நடத்துங்கள் என்று ரோமிலிருந்து மடல் வந்ததே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மடலைப் படித்தேனா என்றால், இல்லை. சென்னைக்காரர் படித்திருந்தார்.

சாமியார் அல்லாதவர்கள் நற்கருணையைத் தொடுவதும் எனக்கு ஆகாது. ஆனால் உங்களுக்கு முன்பிருந்த பெரிய ஃபாதர் நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் நற்கருணைப் பணியாளராக என்னைக் கூப்பிட்டபோது சரி என்றுவிட்டேன். நான் மறுத்தால் ஏகாம்பரத்துக்குக் கொடுத்திருப்பார். திருச்சபையின் மானத்தை நான் அப்படிக் காப்பாற்றினேன்.

என் மகள் பிரீத்தியை உங்களுக்குத் தெரியாது. கோயிலில் கட்டிக்கொடுத்த கணவன் அவளை விட்டுவிட்டு ஓடிப்போனான். அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். உங்கள் தலைக்கு மேலிருக்கும் தளம் அவள் அங்கே பாத்திரம் தேய்த்த பணம். பிறகு அங்கே டிரைவராக இருந்த ஹரிபாபுவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இந்தப் படியை அவள் மிதிக்க நான் விடவில்லை. தளம் மட்டும் இருந்தது.

வயிற்றில் புற்றுநோயோடு திரும்பி வந்தாள். ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வீடு, ஹரிபாபுதான் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, சாவதற்குள் நற்கருணை. பெரிய ஃபாதர் அவள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார், வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உபதேசியாரே, இனிமே ஞாயித்துக்கெழம தோறும் நீங்களே கொண்டும்போயி குடுங்க" என்றார்.

கொண்டுபோனேன். ரோமின் உத்தரவை நான் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்ததும் கழுத்தில் தொங்கும் சிமிழில் நற்கருணை வாங்குவேன். கோயிலின் சக்கிரீஸ்து அறை அலமாரியில் இருந்த பழைய டப்பாவிலிருந்து, பூசையில் எழுந்தேற்றம் செய்து ஆண்டவரின் உடலாக மாற்றாத வெறும் அப்பம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, சிமிழில் இருப்பதை நானே உட்கொள்வேன். ஒரே நாளில் இரண்டு முறை வாங்குவது பழைய சட்டப்படி கூடாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புதிய சட்டத்தின் தாராள மனசு எனக்குப் பிடித்திருந்தது.

மகளுக்குப் பையில் இருப்பது. புதிய அப்பத்தை எடுத்து வீணாக்க மனம் வரவில்லை, அதனால்தான் பழைய டப்பா.

நான் போகும்போதெல்லாம் ஹரிபாபு செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கைகட்டி நிற்பான். இந்து, ஆனாலும் நிற்பான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

பிரீத்தி பள்ளிக்கூட லீவில் சிஸ்டர்மாரோடு உட்கார்ந்து பூசைக்கு அப்பம் வெட்டியவள். ஓரத்துத் துண்டுகளைத் தின்று வளர்ந்த நாக்கு. ஒரு ஞாயிறு மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"நமுத்துப்போய்க்கீதே நைனா. பழைய டப்பாவுதா?"

"மழ பேஞ்சிக்கினு கீது இல்ல, அதான்."

"பரவால்ல. அப்பந்தான் நமுக்கும், ஆண்டவரு நமுக்க மாட்டாரு."

அவள் சிரித்தாள். நான் சிமிழை மூடினேன். காலியான சிமிழ்.

கடைசி ஞாயிறு கேட் திறந்திருந்தது. நிற்காமல், சிமிழைத் திறக்காமல் போய்விட்டேன். கழுத்தில் ஆண்டவர், சட்டைப்பையில் மாவு, எதிரே வாயைத் திறந்துகொண்டு என் மகள். எலும்பாக இருந்தாள். நான் அவசரப்படவில்லை. பையில் இருந்ததை எடுத்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். "ஆமென்" என்றாள். "இப்ப பயமில்ல நைனா, நீயே எடுத்தாந்து குடுத்துட்ட" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் போய்விட்டாள்.

சிமிழில் இருந்ததை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வாதம் வந்து படுத்திருந்த கங்கையாவுக்குக் கொடுத்தேன். அவருக்குப் புத்தூரில் ஒரு குடும்பம், நாகலாபுரத்தில் ஒரு குடும்பம் என்பது ஊருக்கே தெரியும். அவர் விஷயத்தில் ரோமின் மடல் எனக்கு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை. அவருக்கு எப்போதும் புதிய அப்பம், உண்மையான நற்கருணை. கங்கையா என் பேச்சை மீறியவர் இல்லையே.

மகள் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை, ஃபாதர். என் சண்டை ரோமோடு மட்டும்தான்.

போன மாதம் அந்த ரயில்வே கேட்டில்தான் வண்டி சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். ஏகாம்பரம் சிமிழோடு வந்து இந்தக் கட்டில் பக்கம் முழங்கால் போட்டார். அவர் சட்டைப்பை கொஞ்சம் புடைத்திருந்தது. மூக்குப்பொடி டப்பாவாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வாய் திறக்கவில்லை.

ஏகாம்பரம் நல்ல மனிதர், ஃபாதர், ஒரு குறை சொல்ல முடியாது. என்னையும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.