மூன்று தென்னைப் பாட்டு

மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டும். நீங்கள் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், பிள்ளை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதைப் பொலிஸ் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருடங்கள் லண்டன் மருத்துவமனைகளில் இதே வேலையைத்தான் செய்தேன். ஆனாலும் இதைத் தமிழில் சொல்ல விரும்பினேன். களைப்பாக இருக்கிறது. ஒருதரமாவது என் பேச்சை வேறொருவர் சுமந்து போகட்டும்.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

மூண்டு தென்னையில ஒண்டு பட்டுப் போச்சு
முகம் பாத்த கிணத்தில பாதி வத்திப் போச்சு

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்களும் பாடியிருக்கக்கூடும். புத்தகத்தில் அதன் கீழே மணியம் என்று இருக்கும். அது நான்தான்.

தொண்ணூற்றிரண்டில் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில், கிருஷ்ணராசா அண்ணை வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மனைவி நீலவேணி அக்கா பாத்திரம் கழுவும்போது அதைப் பாடுவார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்கள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தேன். எழுதித் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். 'தொகுத்தவர்' என்று போட்டுத்தான் கொடுத்தேன். அச்சில் அந்தச் சொல் விடுபட்டு என் பெயர் மட்டும் நின்றது. ஆட்கள் கைகுலுக்கினார்கள். திருத்தம் போட அடுத்த மலர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அடுத்த மலர் வந்தபோது நான் கவிஞர் ஆகியிருந்தேன்.

பிறகு சொந்தமாக எழுத முயன்றேன். ஒரு வரியும் வரவில்லை. பகல் முழுவதும் பிறருடைய நெஞ்சுவலியையும் மூட்டுவலியையும் பிறருடைய சொற்களில் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு, தன்னுடையது என்று ஒன்று வேண்டும். எனக்கு அந்தப் பாட்டு இருந்தது.

அக்காவுக்கு விஷயம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அண்ணை இறந்தபின், நான் குடிபோயிருந்த ரெய்னர்ஸ் லேனிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு அவரிடம் போவேன். இருவரும் மணிக்கணக்கில் பேசாமல் இருப்போம். அப்படி இருக்க முடிந்த ஒரே வீடு அது. சுவரில் அவர்களுடைய ஊர் வீட்டின் படம். ஒரு கிணறு, மூன்று தென்னை. ஒன்றுக்குத் தலை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ வருடம் தேநீர் குடித்தேன்.

சென்ற ஆண்டு கோசிகா வந்தாள். நாட்டுப்பாடல்களை ஆய்வு செய்யும் பல்கலைக்கழகப் பெண்.

"அங்கிள், கிணத்தில தண்ணி அள்ளேக்க கட்டின பாட்டு எண்டு பேட்டியில சொல்லியிருக்கிறீங்கள். உங்கட வீட்டில கிணறே இல்லையாமே. உங்கட மச்சான் சிரிக்கிறார்."

"பக்கத்து வீட்டுக் கிணறு, பிள்ளை."

"அங்க தென்னை நிண்டதோ?"

தேநீர் போட எழுந்தேன். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அந்த மூண்டு தென்னை வீடு பிடிபட்டிட்டுது. வீட்டுக்கார அன்ரி குட்மேய்ஸில இருக்கிறா. நீங்களும் அங்கதானே வாடகைக்கு இருந்தனீங்கள்? இப்ப ஆஸ்பத்திரியிலயாம். புதன்கிழமை போறன்."

சர்க்கரை நோயால் அக்காவின் கால் அழுகத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை மொழிபெயர்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். தெரிந்தவர் என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் விலகவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடக் கடினம் என்றார் மருத்துவர். அதை அக்காவிடம் சரியாகவே சொன்னேன்.

"எடுக்கட்டும் தம்பி. கால் போனால் என்ன, வாய் கிடக்குதுதானே." அக்கா சிரித்தார். "ஒரு பெட்டை வந்து பாட்டுக் கேக்கப்போறாளாம். போன் எடுத்தவள். அவளுக்குப் பாடிக் காட்ட வேணும்."

எங்கள் தொழிலில், நோயாளி சொல்வதை அவராகவே நின்று சொல்ல வேண்டும். அவர் விரும்புகிறார் என்று சொல்லக் கூடாது. நான் விரும்புகிறேன் என்றே சொல்ல வேண்டும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எனக்கு வேண்டாம். முழு உடம்போடு போக விரும்புகிறேன்."

மருத்துவர் நல்லவர். இரண்டு தரம் கேட்டார். எங்கள் ஆட்கள் இப்படித்தான் நினைப்பார்கள் என்று எங்கோ படித்திருப்பார் போலும். மெல்லத் தலையசைத்து மறுப்புப் படிவத்தை நீட்டினார். அது ஒப்பரேசனுக்குச் சம்மதப் படிவம் என்று அக்காவிடம் சொன்னேன். தமிழில் கையெழுத்திட்டார். எழுத்து நேராக இருந்தது.

பிறகு தினமும் போனேன்.

"ஏன் தம்பி இன்னும் கூப்பிடேல்லை?"

"இடமில்லையாம் அக்கா. நாளைக்காம்."

"பாவங்கள், எத்தினை பேரை வெட்ட வேணும்."

புதன்கிழமை கோசிகா வந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல். சிறிய ரெக்கோடர் ஒன்றைப் பக்கத்து மேசையில் வைத்து, ஏலுமான நேரம் சிவப்புப் பொத்தானை அமத்திப்போட்டுப் பாடுங்கோ என்று சொல்லிப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வியாழன் காலை அக்கா தனியே பாடியிருக்கிறார். நிறுத்தத் தெரியவில்லை; பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நான் உள்ளே போனேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தோம். கோசிகா பொலிஸிடம் கொடுத்த பதிவில் அது பதினொரு நிமிடம் என்று அதிகாரி சொன்னார். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு அக்கா சொன்னார்:

"தம்பி, அவள் கேட்டால் நீர் கட்டின பாட்டெண்டே சொல்லுறன். உம்மட பேரிலயே கிடக்கட்டும். கலியாணம் கட்டின வருசம் நான் இவருக்கெண்டு கட்டினது. இவர் கேட்டிட்டார். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சுட்டது. அந்த நேரம் மருத்துவர் வந்தார். மனம் மாறியிருக்கிறதா, இன்றும் நேரம் இருக்கிறது என்றார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் மாறினார் என்று கேட்பார்கள். உறுதிப்படுத்த வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை நடந்தது வெளியே வரும்.

"என்னவாம் டொக்டர்?" என்றார் அக்கா.

"நாளைக்காம்," என்றேன். மருத்துவர் பக்கம் திரும்பி, "இல்லை, எனக்கு வேண்டாம்," என்றேன்.

ஞாயிறு மதியம் அக்கா இறந்தார். செத்தவீட்டில் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். ராகம் பிசகாமல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

திங்களும் வியாழனும் தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அவரைக் கொன்றது அதுதான். அதிகாரி அந்தச் சொல்லையே எழுதட்டும்; மறுக்கமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவை உங்களிடம்தான் மொழிபெயர்க்கத் தருவார்கள். வியாழக்கிழமை அவர் சொன்னதை, பாட்டு என் பெயரில் கிடக்கட்டும் என்றதை, அப்படியே போடுங்கள். நல்ல நினைவோடு சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. நோயாளியின் விருப்பத்தை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, பிள்ளை.