யோசனை சொன்னவர்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் கூட்டம் எதுவும் வைக்கக் கூடாது என்பது என் அனுபவம். லாட்ஜில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கேட்டால் தலை சுற்றும், ஆட்டோக்காரர் நம்மைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அதனால் நான் இங்கே வந்த நாட்களையெல்லாம் காலண்டரைப் பார்த்துத்தான் குறித்தேன். மேடம், நீங்கள் முதலில் கேட்டது எதற்காக இந்த ஊருக்கு வந்தேன் என்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். எதையும் முறையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

என் வேலை மதிப்பெண் போடுவது. அரசாங்கம் தன் தகவல்களை மக்களுக்குத் திறந்துவைக்க ஒரு சீர்திருத்தம் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் தாங்களாகவே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு மக்களைக் கைதட்ட மட்டும் கூப்பிட்டார்களா, அல்லது மக்கள் அமைப்புகளும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து வடிவமைத்தார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டு பக்கமும் சேராத ஆள். அதிகாரி கொடுத்தால் காபி குடிக்க மாட்டேன், தொண்டு நிறுவனம் கொடுத்தால் பிஸ்கட்டைத் தொட மாட்டேன். இதற்காக என்னைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும்.

இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் ஏரி மண். விவசாயிகள் ஏரியிலிருந்து வண்டல் எடுத்துத் தங்கள் நிலத்துக்கு அடித்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. அந்த அனுமதியைக் காட்டிக்கொண்டே வெளி லாரிகள் உள்ளே வந்து, வண்டலுக்கு அடியில் இருக்கிற கிராவலையும் தோண்டிக்கொண்டு போகின்றன. எந்த ஏரியில் யாருக்கு எவ்வளவு அனுமதி என்பதை ஊரறியச் செய்துவிட்டால் இது நிற்கும் என்பது திட்டம். அதிகாரிகள் எல்லாவற்றையும் இணையதளத்தில் போட்டுவிடுகிறோம் என்றார்கள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு ஏரிக்கரை ஊரிலிருந்து பெண்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துவந்தவர் நந்தினி. சட்டம் படித்துவிட்டு இங்கே சிறியதாக ஒரு அமைப்பு நடத்துகிறவர். அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினார், பக்கத்தில் இருந்தவர் பாதியில் பேச்சை வாங்கிக்கொண்டார், மூன்றாமவர் முடித்தார். இணையதளத்தை யார் பார்க்கப் போகிறார்கள், ஏரிக்கரை மேலேயே ஒரு பலகை வையுங்கள், அன்றைக்கு மண் எடுக்க அனுமதி உள்ள லாரிகளின் நம்பரை அதில் எழுதுங்கள், மிச்சத்தை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம் என்று சிரித்தார். என் வேலையில் இப்படி ஒரு காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். என் முறைப்படி ஒவ்வொரு யோசனைக்கும் அதைச் சொன்னவர் யார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது அரசின் யோசனையாகத்தான் கணக்காகும். யார் முதலில் சொன்னது என்று கேட்டேன். நாங்கதான் என்றார்கள். நாங்கள் என்றால் யார் என்று மறுபடி கேட்டேன். ஊர்ப் பொம்பளைங்க என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த ஊரில் அது வழக்கமாம். முன்பு சாராயக் கடையை மூட வைத்தபோதும் இப்படித்தான், ஒருவர் பேச்சை இன்னொருவர் வாங்கிப் பேசி, சொன்னது இன்னார் என்று யாரும் விரல் நீட்ட முடியாமல் செய்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நந்தினி என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், பேரு மட்டும் எதுலயும் வர வேணாம். போன வருஷம் லாரி போகுதுன்னு ஆபீசுக்குப் போன் பண்ண ஒருத்தர் கை ஒடஞ்சு ஏரியில கெடந்தாரு. யார் வேலைன்னு ஊருக்கே தெரியும். எங்களால ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். யார் வேலை என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எதையும் அரைகுறையாக விடுவது என் சுபாவம் இல்லை.

பெயர் இல்லாமலே விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விட்டிருந்தால் அந்தப் பெருமை அதிகாரிக்குப் போயிருக்கும். ஒரு ஏழைப் பெண்ணின் மூளையில் உதித்ததை அரசாங்கம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நான் துணைபோக வேண்டுமா? மனசு கேட்கவில்லை. நந்தினி சென்னைக்குப் போயிருந்த ஒரு நாள் நான் மட்டும் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த பெண்களில் ஒருவரான ஆதிலட்சுமி ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. ஓவியா என்று ஒரே மகள், திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறாள். நான் கரையில் உட்கார்ந்து மல்லாட்டை விளைச்சல், ஆட்டு விலை என்று பேச்சுக் கொடுத்தேன். பிறகு, எத்தனையோ மாவட்டம் சுற்றியும் அந்தப் பலகை மாதிரி ஒரு யோசனையைக் கேட்டதில்லை என்றேன். அது பொய் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் தனக்குத் தோன்றியது என்று சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்று ஆகிவிட்டது.

"எம் பேர எங்கயும் சொல்லிடாதீங்க சார். ஒரே பொண்ணு. அவ படிச்சு முடிக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஒருவர் தலையாட்டினால் சரி என்று அர்த்தமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது.

கோதண்டராமன் இரண்டொரு நாளில் என் லாட்ஜுக்கு வந்தார். மண் லாரிகள் வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. காபி சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அவருக்கு ஒரு குறை இருந்தது. ஏரி மண்ணிலேயே தொழில் செய்கிற தன்னை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை என்றார். நியாயமான குறைதான். சம்பந்தப்பட்ட எல்லோரையும் அழைத்தார்களா என்பது என் கேள்விகளில் ஒன்று, அதில் நான் ஏற்கெனவே மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பலகை யோசன யாரு சொன்னதுங்க? எல்லாத்தையும் தெறந்து வைக்கணும்னு நீங்கதான் சொல்றீங்க. நானும் பப்ளிக்தானுங்களே."

நீங்களே சொல்லுங்கள், மேடம். இவருக்குச் சொல்லலாம், அவருக்குச் சொல்லக் கூடாது என்று ஆள் பார்த்துத் தகவல் கொடுத்தால், காலம்காலமாகக் கோப்பை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தகவல் கேட்பவர் எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. அதுதான் இந்த நாட்டுச் சட்டம். பெயரைச் சொன்னேன். வீடு எங்கே என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது. காலையில் ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பார், மகள் கல்லூரிக்குப் போய்விடுவதால் தனியாகத்தான் இருப்பார் என்றேன். நல்ல யோசனை, பார்த்து ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே பின்னோக்கி வந்த ஒரு டிப்பரில் ஆதிலட்சுமி சிக்கிக்கொண்டார். கூட நின்ற ஆடுகளும் செத்துப் போயின. டிரைவர் கவனிக்கவில்லை என்று விபத்தாகப் பதிவாயிற்று. நான் அந்தக் கரையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அங்கே லாரி பின்னோக்கி வர ஒரு காரணமும் இல்லை.

நந்தினி போன் செய்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. பேரைச் சொன்னீங்களா என்று மட்டும் கேட்டார். நான் யாரிடம் என்ன பேசினேன் என்பதை அறிக்கை வந்த பிறகு எல்லோரும் பார்க்கலாம் என்றேன். 

"நான்தான் சார் அவங்கள கூட்டினு வந்தேன். ஒண்ணும் ஆவாது அக்கான்னு சொல்லி கூட்டினு வந்தேன்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் இரண்டு பக்கமும் சேராதவன், இழவு வீட்டுக்குப் போவது சரியாக இருக்காது என்று அறையிலேயே இருந்துவிட்டேன்.

கடைசிக் கூட்டத்துக்கு அதே பெண்கள் வந்திருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி, இறுதித் திட்டத்தில் பலகை இருந்தது, அதில் லாரி நம்பர் இல்லை. பொதுவாக ஏரியின் பெயரும் துறையின் பெயரும் எழுதினால் போதும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அதிகாரி அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் இப்படி வேண்டாம், நம்பர் வேண்டும் என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழுதலாம் என்று அவர் காத்திருந்தது எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் வாங்கிப் பேசியவர்கள், அன்று ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை எழவில்லை என்று எழுதினேன். கலந்துகொண்டதால் யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதா என்று ஒரு கேள்வி உண்டு. புகார் எதுவும் வரவில்லை என்று எழுதினேன். இரண்டுமே உண்மை. மொத்தத்தில் நல்ல மதிப்பெண் கொடுத்தேன். பலகை யோசனையைச் சொன்னவர் என்ற இடத்தில் ஆதிலட்சுமியின் பெயரைப் போட்டேன். அதற்காகத்தானே இவ்வளவு பாடு.

இப்போது ஓவியா புகார் கொடுத்திருப்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். தெரிந்துதான் சொன்னேன். கை உடைத்தது யார் என்று விசாரித்தபோது கிடைத்த பெயர் கோதண்டராமன்தான். அவர் லாட்ஜில் என் எதிரே வந்து உட்கார்ந்தபோது, சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலை நேரம், ஏரிக்கரை, தனியாக இருப்பார் என்பதெல்லாம் அவர் கேட்காமலே நான் சொன்னது. தகவல் கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் நகல் கோதண்டராமனின் வக்கீல் கைக்கும் போகும் என்கிறார்கள். அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று உங்களுக்குத் தெரியும், முறை தவறி எதையும் செய்யாத எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அதனால் என் பெயரை எங்கேயும் போடாமல், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.