குழலி ஊரில் இல்லாத மூன்று வாரம்

பணம் கட்டிச் சேரும் கோடை முகாம்களால் கெடுதல் ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் அந்தச் சான்றிதழை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பெரிய காஞ்சிபுரத்தில் பதினோரு வருடமாகக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் எனக்கு இது தெரியாமல் இல்லை. நீங்கள் விசாரிக்க வந்ததால் சொல்கிறேன்.

நெசவாளர் கந்தனின் மகள் ஏலவார்குழலி ஒரு நோட்டோடு வந்தாள். தறிக்குழியில் கால் விட்டு நெய்யும் பெண்களுக்கு எங்கே வலிக்கிறது என்று நாற்பது வீடுகளில் கேட்டு, குழிகளை அளந்து, உட்காரும் பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுப் பார்த்திருந்தாள். அவள் அம்மாவுக்கு இடுப்புவலியே குறைந்துவிட்டதாம். இப்படியொரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

"இதையெல்லாம் எழுதுனா சிரிப்பாங்களா சார்? வூட்டு வேலைதான இது," என்றாள்.

"ஆமாம்மா. நீ பெங்களூர் கேம்ப்புக்குப் போ. அதுக்குத்தான் மதிப்பு."

படித்துவிட்டுத் தருவதாக நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். குழலி சேர விரும்பிய அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் என் மகள் திரிஷாவும் விண்ணப்பிக்க இருந்தாள். ஒரே ஊரில் இரண்டு பேரை எடுக்கமாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

குழலி முகாமில் இருந்த மூன்று வாரமும் திரிஷாவை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ கட்டுரை என்றேன். தறியில் குழலி உட்காரும் இடத்திலேயே அவளை உட்காரவைத்து, ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளக் கற்றுக்கொடுத்தார் கந்தன். அவர் மனைவி சங்கீதா மோர் கொடுத்தார். நான் படம் எடுத்தேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். படங்கள் தெளிவாகவே வந்தன.

நோட்டில் இருந்தது முழுக்கத் திரிஷாவின் பெயரில் போயிற்று. அவளுக்கு இடம் கிடைத்தது. குழலி முகாமைப் பற்றி எழுதினாள், சான்றிதழை இணைத்தாள். கிடைக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. கந்தன் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவேன். போன வாரம் அவரே வீடு தேடி வந்துவிட்டார்.

"எங்க குழலிக்குத் தெறமை பத்தல சார். உங்க மேல தப்பு இல்ல," என்றார். "சின்னவ நல்லா படிக்கிறா. அவள இப்பவே அந்த கேம்ப்புல சேத்துடட்டுமா?"

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நம்பி வந்த மனிதரின் மனதை நோகடிக்கக் கூடாது என்றுதான், "சேத்துடுங்க," என்றேன்.